ஒன்பது பெர்சென்டும் அறுநூறு இலையும்

கரண்டு வண்டி வாங்கிய நாள் முதல் எங்கள் வீட்டில் பெர்சென்ட் என்ற சொல் உப்பு, புளி மாதிரி அன்றாடப் புழக்கத்துக்கு வந்துவிட்டது. நான் வாசலில் வண்டியை நிறுத்தினால் அடுக்களையிலிருந்து என் மனைவி, "எத்தன பெர்சென்ட் இருக்கு?" என்றுதான் கேட்பாள். சாப்பிட்டேனா இல்லையா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. உடம்பு அசந்துபோன நாட்களில் அவளே, "எனக்கு இன்னைக்கு இருவது பெர்சென்ட்தான் இருக்கு, தோசைய நீங்களே சுட்டுக்கிடுங்க" என்று படுத்துவிடுவாள். அவளை நான் எந்தப் பிளக்கில் சொருகுவது?

நான் இலை வியாபாரி. வாசுதேவநல்லூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் விடியும் முன் அறுத்த வாழையிலையைக் கட்டுக்கட்டாக ஏற்றிவந்து, குற்றாலத்து மெஸ்களுக்கும் தென்காசி ஓட்டல்களுக்கும் புளியறை ரோட்டோரக் கடைகளுக்கும் போடுவது என் பிழைப்பு. இலஞ்சியில் எங்களுக்கு நெல் வயல் உண்டு. எனக்குச் சேற்றில் நிற்பதைவிட ஸ்டியரிங் பிடிக்கத்தான் ஆசை. வயலைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறியவன், இன்றுவரை இறங்கவில்லை.

முதலில் இருந்தது டீசல் வண்டி. அது என்னை ஊர் முழுக்க நிறுத்தி நிறுத்தி வேடிக்கை காட்டியது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் மாமியாரின் பதினாறாம் நாள் விசேஷத்தன்று அது செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. மாமியார் வீடு மலைக்கு அந்தப் பக்கம், ஆரியங்காவில். விசேஷத்துக்கு இலை என் பொறுப்பு. செங்கோட்டை தாண்டியதும் வண்டி இருமியது, புகைந்தது, படுத்துக்கொண்டது. மெக்கானிக்கைப் பிடித்து எழுப்பி மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது, முதல் பந்தி பேப்பர் தட்டில் சாப்பிட்டு எழுந்துவிட்டது.

மனைவியின் அண்ணன் கைகழுவும் இடத்தில் நின்று, ஆள் கூட்டத்துக்கு நடுவில், "இலை யாவாரம் பாக்குத மனுசனுக்கு எங்க அம்மை விசேஷத்துக்கு நேரத்துல இலை கொண்டுவர வக்கில்ல" என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதனால் நான் ஒரு வாரத்தில் மறந்துவிட்டேன். என் மனைவி மறக்கவில்லை. "எங்க வீட்டுக்காரரப் பத்திச் சபையில பேசுன வாய்கூட எனக்கு இனிப் பேச்சில்ல" என்று அப்போதே பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அண்ணன் தங்கை பேச்சு அத்தோடு நின்றது. மூன்று வருஷம். நல்ல நாள் வந்தால் அவள் மலைப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைப்பாள். எனக்காகப் போட்ட சண்டை என்பதால் நடுவில் புகுந்து நான் ஒன்றும் சொல்லவும் முடியாது.

நடுவழியில் நிற்காத வண்டி வேண்டும் என்று நான் கரண்டு பிக்கப் வாங்கியதற்கு இதுதான் காரணம். வெளியில் கேட்டவர்களிடம் டீசல் விலை, சுற்றுச்சூழல் என்று ஏதேதோ சொன்னேன்.

பூஜை போட்டது கோயில் வாசலில். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, வண்டியை நகர்த்தச் சொன்னார்கள். நான் நகர்த்தினேன். வண்டி கிளம்பியதே யாருக்கும் தெரியவில்லை. காலடியில் பழம் பட்டென்று வெடித்ததும், தட்டோடு நின்ற என் மனைவி துள்ளிக் குதித்தாள். "சொல்லிட்டு எடுக்கப்பிடாதா?" என்று கத்தினாள். டீக்கடையில் ஒருவர், "என்ன அண்ணாச்சி, வண்டிய மிக்சி மாதிரி சொருகி வச்சிருக்கிய, சட்னி அரைக்குமா?" என்றார். ஒரு மாதம் இதே பேச்சுதான்.

ஆனால் வண்டி தங்கம். அதிராமல் போகும். எஞ்சின் சூடு இல்லாததால் இலை வாடாது. மூக்கில் டீசல் நாற்றம் இல்லாததால், பச்சை இலையின் வாசனை கேபினுக்குள் வரும். இத்தனை வருஷம் இலை விற்றவனுக்கு அந்த வாசனை அப்போதுதான் தெரிந்தது. வாசுதேவநல்லூர் போய்த் திரும்பி, குற்றாலத்துக்கு ஒரு நடை அடித்த பின்பும் சார்ஜ் மிச்சம் இருக்கும். வந்தபடியே அதை விட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

சீசன் ஆரம்பித்ததும் முதல் கோளாறு ஐந்தருவியில் வந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு, நடு ரோட்டில் சாரலை அண்ணாந்து பார்த்து நிற்கிற கூட்டத்துக்குப் பின்னால் என் வண்டி பூனை மாதிரி போய் நிற்கும். சத்தம் இல்லாததால் ஒருவரும் திரும்ப மாட்டார்கள். கம்பெனிக்காரன் கொடுத்த ஹாரன் அருவிச் சத்தத்தில் கொசு ரீங்காரம். ஒருமுறை தொந்தி பெருத்த ஒருவர் என் பானட்டின்மேல் சாவகாசமாகச் சாய்ந்து, அரை மிளகாய்ப் பஜ்ஜியைத் தின்று முடித்த பிறகுதான் உள்ளே ஆள் இருப்பதைக் கண்டார். முழங்கையளவு எண்ணெய்க் கறை. அன்றைக்கே தென்காசிக்குப் போய் இரட்டை ஹாரன் மாட்டினேன்.

ஹாரன் மாட்டியவன் அத்தோடு எழுந்து வந்திருக்க வேண்டும். கடையில் மாட்டியிருந்த மஞ்சள் விளக்குகள் கண்ணைப் பறித்தன. பனி, சாரல், மலைப்பாதை என்று எனக்கு நானே காரணம் சொல்லி நான்கு வாங்கினேன். அடுத்த வாரம் சீட் கவர். அதற்கடுத்து முன்பக்கத்தில் கம்பி பம்பர். மேலே பெயர்ப்பலகை. எழுபது வயதில் மறுகல்யாணம் பண்ணுகிறவன்கூட இவ்வளவு அலங்காரம் பண்ணிக்கொள்ள மாட்டான் என்றாள் என் மனைவி.

பெரிய கைங்கரியம் பின்பக்கத்துக் கூடு. ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கத் தொடங்கும். இலைக்குச் சாரல் நல்லது, காற்றுதான் எமன். ஒரு விளிம்பு அவிழ்ந்தால் போதும், இலை நார்நாராகிவிடும். ஆகவே பட்டறையில் சொல்லி, ஆள் உயரத்துக்கு இரும்புக் கூடு அடித்து, தார்ப்பாய் போர்த்தி, கேபினை ஒட்டிய பக்கத்தில் முழுப் பலகை வைத்துப் போல்ட் போட்டேன். பின்கண்ணாடி அடைபட்டுப் போனது. அதனால் என்ன, பக்கத்துக்கு ஒன்றாகக் கண்ணாடி இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

கடைசியாக டயர். தோட்டத்து வண்டிப்பாதையில் ஒருநாள் சேற்றில் சக்கரம் சுற்றியதும், பெரிய பட்டன் வைத்த அகல டயருக்குப் போனேன். டயர் கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, இது கரண்டு வண்டிக்கு ஆவாது. ரோட்டப் பிடிச்சு இழுக்கும். சார்ஜு குடிக்கும்."

"நான் இந்த ரோட்டுல எத்தன வருசமா வண்டி ஓட்டுதேன், தெரியுமா வே?"

"ரோட்டுக்குத் தெரியும். பேட்டரிக்குத் தெரியாதுல்லா" என்றார். சொல்லிவிட்டு மாட்டிக் கொடுத்தார். அதோடு நான் இன்னொரு காரியமும் செய்தேன். இலைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். குலுங்கினால் இலை நரம்பு முறியும் என்று டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கியே வைப்போம். டீசல் வண்டியில் அதனால் ஒன்றும் கெட்டதில்லை. பழக்கத்தில் நாலு டயரிலும் வால்வை அழுத்திப் புஸ்ஸென்று விட்டேன். கைக்கு மெத்தென்று இருந்தது. ரொம்பத் திருப்தி.

இப்படி வண்டி சீவிச் சிங்காரித்து நின்ற நேரத்தில் மச்சான் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். அவருடைய மகளுக்கு ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். நான் வீட்டில் இல்லை. அவர் தட்டைத் திண்ணைமேல் வைத்துவிட்டு நின்றாராம். இவள் காப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாளாம். அவர் குடித்தாராம். போகும்போது இவள் சுவரைப் பார்த்து, "இலை நாங்க கொண்டு வாறோம்" என்றாளாம். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனாராம். மூன்று வருஷத்துக்கு அவ்வளவுதான். ஆனால் அன்று சாயந்திரம் நான் வந்தபோது மலைப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது.

"அறுநூறு இலை. நுனி இலையாப் பாத்து எடுங்க. பதினொன்ற மணிக்கு மொதப் பந்தி. அதுக்கு முன்ன அங்கன இருக்கணும்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இந்தத் தடவ மட்டும் நின்னுரப்பிடாது. நின்னா எனக்குப் பொறந்த வீடு இல்லாமப் போயிரும்" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

"ஏட்டி, இது நிக்காத வண்டி" என்றேன்.

கல்யாணத்தன்று விடிகாலையில் வாசுதேவநல்லூர் போய் இலை ஏற்றினேன். ஒன்றுகூடக் கிழியாத நுனி இலை. இலஞ்சிக்கு வந்து சேர்ந்தபோது முப்பத்தாறு பெர்சென்ட் காட்டியது. பங்குனி மாதம் இதே ஓட்டத்துக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். மனைவி பட்டுப்புடவையை மடிப்பெடுத்துக்கொண்டே, "நான் கிளம்ப அரமணி நேரம் ஆவும், அதுவரைக்கும் சொருகி வையுங்களேன்" என்றாள். "ஆரியங்காவு என்ன, பக்கத்துலதான இருக்கு. போதும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கரண்டு கம்பியும் பிளக்கும் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

இலஞ்சியைத் தாண்டி மேற்கே திரும்பியதும் காற்று நேருக்கு நேராகப் பிடித்துக்கொண்டது. ஆள் உயரக் கூட்டின் தார்ப்பாய் படபடவென்று அடித்தது. வண்டியை யாரோ பின்னாலிருந்து இழுப்பதாகவே தோன்றியது. பட்டன் டயர் ஙொய்யென்று ஊளையிட்டது. செங்கோட்டையில் இருபத்தொன்று. மனைவி பெர்சென்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் புது சீட் கவர் நனைய வியர்த்தேன். புளியறையில் செக்போஸ்ட்டுக்கு முன்னால் லாரி வரிசை. நகர்ந்து நகர்ந்து போனதில் ஒன்பது பெர்சென்ட் ஆகி, சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்தது. முன்னால் மலை ஏற்றம் பாக்கி. மணி ஒன்பதே முக்கால்.

நான் வழக்கமாக இலை போடும் ரோட்டோரக் கடையில் வண்டியை ஒதுக்கினேன். கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "கிரைண்டர் பிளக்குதான் இருக்கு அண்ணாச்சி. மாவு பாதி அரைஞ்சு கெடக்கு. பரவாயில்ல, சொருகுங்க" என்று கிரைண்டரை நிறுத்தினார். சொருகினோம். பத்து நிமிடத்துக்கு ஒரு பெர்சென்ட் ஏறியது. மலையேறப் போதுமான அளவு ஏறுவதற்குள் மணமக்கள் மறுவீடே போய்விடுவார்கள்.

என் மனைவி இறங்கி வண்டியைச் சுற்றி வந்தாள். கூட்டைப் பார்த்தாள். நாலு மஞ்சள் விளக்கைப் பார்த்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு டயரைக் காலால் அமுக்கினாள். அமுங்கியது.

"காத்து எறக்குனியளா?"

"இலைக்காக."

"இலைக்காக" என்று திருப்பிச் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் போனை எடுத்தாள். பேர் எதுவும் தேடவில்லை. நம்பரை மனப்பாடமாக அழுத்தினாள். மூன்று வருஷமாக அது அவளுக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

"அண்ணே, நான்தான்." போனை மறு காதுக்கு மாற்றினாள். "புளியறையில நிக்கோம். இலை பத்திரமா இருக்கு. வண்டில சார்ஜ் இல்ல." மூன்று வருஷத்துக்கு முந்தின அதே பேச்சு இப்போது போனில் வரும், அவள் போனைத் தூக்கி எறிவாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எத்தன பெர்சென்ட்னு கேக்காவ."

"பத்து" என்றேன்.

அரைமணி நேரத்தில் மலையிலிருந்து ஒரு பழைய ஜீப் உறுமிக்கொண்டு இறங்கி வந்தது. பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் ஸ்பானர் பெட்டி. மச்சான் எங்கள் இருவரையும் பார்க்காமல் நேரே இலைக்கட்டுக்குப் போனார். ஒரு கட்டை விலக்கி, நாலைந்து இலையின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "ஒரு கிழிசல் இல்லியே" என்றார். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். கூட்டின் உயரத்தை அண்ணாந்து பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சாரமில்ல" என்றார், அந்தப் பக்கத்து வழக்கப்படி. பரவாயில்லை என்று அர்த்தம். "மொதல்ல இந்தக் கோபுரத்த எறக்குவோம்."

இலையை ஜீப்புக்கு மாற்றினோம். அடுத்திருந்த பஞ்சர் கடைக் குழாயை இழுத்து நாலு டயருக்கும் காற்று நிரப்பினேன். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டி மேலே ஏறி, போல்ட்டைக் கழற்றிக் கழற்றிக் கீழே நீட்டினார். என் மனைவி முந்தானையை ஏந்தி வாங்கினாள். பட்டில் கிரீஸ் பட்டது. அவள் கவலைப்படவில்லை.

"எண்ணி வையி. எட்டு."

"ஏழுதான் இருக்கு."

"ஒன் காலடியிலதான் கெடக்கு, பாரு."

அவள் குனிந்து எடுத்தாள். அண்ணன் தங்கை பேசிக்கொண்டது அவ்வளவுதான். எனக்கு அது பெரிய பேச்சாக இருந்தது.

கூடும் தார்ப்பாயும் பலகையும் அந்தக் கடை வாசலிலேயே இறங்கின. இன்றும் அங்கேதான் இருக்கின்றன. அதற்குள் பெஞ்சு போட்டு லாரிக்காரர்கள் பரோட்டா சாப்பிடுகிறார்கள். கேட்டால் திருப்பித் தருவார்கள். நான் கேட்கவில்லை.

பதினைந்து பெர்சென்ட் காட்டியபோது மச்சான் பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். "ஒங்க வண்டிய நான் எடுக்கேன். இந்த ஏத்தம் எனக்குத் தெரியும், மெதுவா கொண்டு போயிருவேன். தங்கச்சி எங்கூட வரட்டும்." பிறகு தன் ஜீப் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மூடினார். "இலைய நீங்க கொண்டு வாங்க மாப்ள. அது ஒங்க கையாலதான் பந்திக்கு வரணும்." சொல்லிவிட்டுச் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஜீப்பில் ஏறி, இலைக்கட்டைத் தேவையில்லாமல் இன்னொரு முறை சரிபார்த்தேன்.

முதல் பந்திக்கு இருபது நிமிடம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டோம். என் வண்டியில் அப்போது மூன்று பெர்சென்ட் மிச்சம் இருந்தது. அறுநூறு இலையும் விரிந்தன. ஆனால் எனக்கு அந்தக் கல்யாணத்தில் நினைவிருப்பது பந்தி இல்லை, அந்த ஏற்றம்தான்.

என் வண்டி ஓடுவதை நான் பின்னாலிருந்து பார்த்தது அன்றுதான் முதல்முறை. அது முன்னால் சத்தமில்லாமல் ஏறியது. பலகை போய்விட்டதால் பின்கண்ணாடி பளிச்சென்று இருந்தது. உள்ளே இரண்டு தலை. முதல் வளைவு வரை இரண்டும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டாவது வளைவில் மச்சானின் தலை லேசாகத் திரும்பியது. அவள் திரும்பவில்லை. அதற்கடுத்த ஏற்றத்தில் அவள் கை ஆடியது. ஏதோ சொல்லுகிறாள். நிறையச் சொல்லுகிறாள். மூன்று வருஷத்துப் பேச்சு. அந்த வண்டிக்குள் ஒரு சொல்கூட வீணாகாமல் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், கிரீஸ் பட்ட அதே முந்தானை.

கோட்டைவாசல் வளைவில் மச்சான் ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்து அவள் தலையில் வைத்தார். எனக்குக் கண் மறைத்தது. எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. "ரெண்டு கையாலயும் பிடிங்க மச்சான்!" என்று நான் பின்னாலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். ஜீப் போட்ட சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. லாரி எங்களைக் கடந்து போனது. கை அவள் தலையிலேயே இருந்தது.